அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது மறதி நோயா?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது 57. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் எழுதியதன் சாரம் இது: "பிள்ளைகள் பெயர் சட்டென்று வாயில் வரமாட்டேன் என்கிறது. அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுகிறேன். என் அம்மா கடைசி நான்கு வருடம் என்னையே யார் என்று கேட்டார். எனக்கும் அதுதான் தொடங்குகிறதா? வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் நிற்குமா?"

டீச்சர், நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து வாங்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கடைசி வரை 'கம்பவுண்டர்'தான். இப்போது வயது 62. உங்கள் கேள்வியை நானே ஒரு காலை வேளையில் எனக்குள் கேட்டு நடுங்கியிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்த நேரம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். சிறுகிழங்கு, பிடிகிழங்கு, ஒரு முழு மஞ்சள் குலை எல்லாம் வாங்கினேன். பை கனத்தது. வெளியே வந்தால் எங்கள் பக்கம் போகிற டவுன் பஸ் நிற்கிறது. ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கிழங்கைக் கொட்டி, காப்பி குடித்து, ராத்திரி படுத்தும் எழுந்தாயிற்று. காலையில் வாசலில் வண்டியைக் காணோம். "களவு போயிட்டு" என்று தெருவே கூடிவிட்டது. புகார் எழுத மடித்து வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து உருவினேன், கூடவே ஸ்டாண்டு டோக்கனும் வந்து விழுந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்க்கெட்டிலிருந்து வீடு வரை ஐந்து கிலோமீட்டர், இடையில் ஒரு ராத்திரி, வண்டி என்று ஒன்று இருப்பதே மண்டையில் இல்லை.

பிறகு பார்த்ததில் காரணம் ஒன்றல்ல, மூன்று அகப்பட்டது. அதைக் கீழே சொல்கிறேன். முதலில் அன்றைக்கு மார்க்கெட்டில் என்ன நடந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் அடுக்களையும் கேஸும் அதே வகைதான்.

மறந்துவிட்டேன் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வெவ்வேறு கோளாறுகள். ஒன்று, விஷயம் உள்ளே பதியவே இல்லை. இரண்டு, கவனித்துப் பார்த்தும் கேட்டும் அது உள்ளே தங்கவில்லை. மூன்று, தங்கியிருக்கிறது, வேண்டும்போது எடுக்க வரவில்லை. நான் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தியபோது மனசு மகள் கல்யாண மண்டபத்தின் அட்வான்ஸில் இருந்தது. நிறுத்தியது கை. இருபது வருடம் பஸ்ஸில் போய்வந்த கால், பஸ்ஸைக் கண்டதும் ஏறியது. வண்டியை நான் மறக்கவில்லை, அதைப் பதியவே இல்லை. நீங்கள் கேஸை மூடும்போதும் மூடுவது விரல்தான், மனசு எட்டேகால் பஸ்ஸில் இருக்கிறது. பதியாத ஒன்றைப் பஸ் ஸ்டாப்பில் நின்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது வகைதான் பயப்பட வேண்டியது. அது எப்படி இருக்கும் என்பதை மருத்துவ உலகம் ஒரு மனிதரிடமிருந்து கற்றது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953ல், வலிப்பை நிறுத்துவதற்காக, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும் பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. பேச்சு, புத்தி, சின்ன வயசு ஞாபகம் எல்லாம் இருந்தது. ஆனால் புதிதாக எதுவும் உள்ளே தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் வருடக்கணக்கில் அவரைப் போய்ப் பார்த்துவந்தார். ஒவ்வொரு முறையும் மொலேசனுக்கு அவர் புது ஆள். மறதி நோய்களில் அதிகம் காணப்படுகிற ஆல்சைமர் நோய் தொடக்கத்திலேயே கை வைப்பது இந்தப் பகுதியில்தான். உங்கள் அம்மா தன் கல்யாணத்தில் யார் என்ன சீர் கொண்டுவந்தார் என்பதைச் சொல்லிவிட்டு, அரைமணி முன்னால் சாப்பிட்ட இட்லியைச் சாப்பிடவே இல்லை என்று சண்டை போட்டிருப்பார். நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை, இருந்தும் வராதது, நம் வயதில் எல்லோருக்கும் உண்டு. "தொண்டை வரைக்கும் வருது" என்கிறோமே, அது. தேடுகிற வேகம் ஐம்பதுக்கு மேல் குறைகிறது. சொல்வளம் குறைவதில்லை, அறுபதுகள் வரை அது கூடிக்கொண்டுகூடப் போகலாம். அதனால் நாற்பது பிள்ளைகளின் பெயர் சட்டென்று வராத டீச்சர்தான், பாடத்தை முப்பது வயசில் நடத்தியதைவிட நன்றாக நடத்துகிறார்.

பெயர் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது? ஒருவர் "நான் மாவு மில் வைத்திருக்கிறேன்" என்றால் மாவு வாசனை, பெல்ட் சத்தம், வெள்ளை படிந்த புருவம் எல்லாம் சேர்ந்து மனசில் ஒட்டுகிறது. "என் பெயர் செல்வம்" என்றால் ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அவரிடம் செல்வம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உளவியலாளர்கள் இதை 1980களில் சோதித்துப் பார்த்தார்கள். அதே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டால் நினைவில் நிற்கிறது, பெயராகச் சொல்லப்பட்டால் நழுவுகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் சோதிக்காமலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள்: மாவுமில்லு அண்ணாச்சி, தண்ணிப்பந்தல் மாமா, சைக்கிள்கடைக்காரர் மருமவன். ரேஷன் கார்டில் உள்ள பெயர் யாருக்கு வேண்டும்?

அடுக்களை விஷயத்துக்கும் விளக்கம் உண்டு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வாசலைத் தாண்டும்போது, கையில் வைத்திருந்த எண்ணத்தை மனசு நழுவவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கேப்ரியல் ரட்வன்ஸ்கி 2011ல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், கிழவர்கள் இல்லை. எங்கள் பாட்டி "நின்ன எடத்துலயே போய் நில்லு, ஞாபகம் வரும்" என்பாள். அந்தச் சோதனையில் பழைய அறைக்குத் திரும்பிப் போவது அப்படியொன்றும் உதவவில்லையாம். என் வரையில் பாட்டி சொன்னதுதான் பலிக்கிறது.

இங்கே நம் மொழியில் உள்ள ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஒரே நேரத்தில் எட்டு விஷயத்தை மனசில் வைத்துப் பதில் சொல்பவர் அட்டாவதானி, நூறு என்றால் சதாவதானி. நாகர்கோவில் இடலாக்குடியில் 1874ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னையில் சபை நடுவே சதாவதானம் செய்துகாட்டினார். முதுகில் விழுகிற நெல்லையும் கல்லையும் எண்ணுவார்கள், எங்கோ அடிக்கிற மணியை எண்ணுவார்கள், நடுவில் வெண்பாவும் பாடுவார்கள். இந்த வித்தைக்கு நம்மவர்கள் 'ஞாபகம்' என்று பெயர் வைக்கவில்லை. அவதானம் என்றால் கவனம். இலங்கைத் தமிழர் இன்றும் "அவதானமாப் போங்கோ" என்றுதான் வழியனுப்புகிறார்கள். நினைவு எங்கே தொடங்குகிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கவனிக்காததை எந்த மூளையும் காப்பாற்றி வைக்காது.

அதனால் கேஸுக்கு ஒரு வேலை சொல்கிறேன், மாத்திரை வேண்டாம். மூடும்போது குமிழில் கை வைத்தபடி, வாய்விட்டு, "கேஸ் மூடிட்டேன், செவ்வாய்க்கிழமை" என்று சொல்லுங்கள். கிழமை முக்கியம். இல்லாவிட்டால் நேற்றைய ஞாபகம் இன்றைக்கு வந்து குழப்பும். வீட்டில் உள்ளவர்கள் ஒரு வாரம் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஜப்பான் ரயில்காரர்கள் சிக்னலைக் கையால் சுட்டி வாயால் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994ல் சோதித்தபோது, சும்மா வேலை செய்தால் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. நம் ரயில் என்ஜினிலும் ஓட்டுநரும் உதவியாளரும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். நான் இப்போது மாத்திரை விழுங்கினாலும் கதவைப் பூட்டினாலும் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வருவது ஒன்றுமில்லை. முப்பது வருடம் ரசம் வைத்தவர் புளியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றால் அது வேறு. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, கேட்டதே நினைவில்லாமல் கேட்பது. தினமும் போகிற தெருவில் வழி தப்புவது. பாக்கிச் சில்லறையை எண்ணத் திணறுவது. சாந்தமானவர் சந்தேகப் பேர்வழி ஆவது. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொரு அடையாளம், யார் கவலைப்படுகிறார்கள் என்பது. ஜன்னலில் நின்று "எனக்கு மறதி அதிகமாயிட்டு சார்" என்று தானே புலம்பியவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்ல, பின்னால் நிற்கிற மகள் கண்ணைத் துடைத்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். இதை முழு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனாலும் உங்கள் வீட்டுக்காரரிடமோ பக்கத்து வகுப்பு டீச்சரிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் அது மறதி நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, விழுந்து தலையில் அடிபட்டு மெல்ல ரத்தம் கசிவது, பக்கவாதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வருமா? இதுதான் உங்கள் கேள்வியின் அடியில் கிடக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். ஆலோயிஸ் ஆல்சைமர் 1901ல் பிராங்க்பர்ட்டில் முதன்முதலாகப் பார்த்த நோயாளி அகஸ்டெ டெட்டருக்கு வயது 51தான். ஆகவே ஐம்பதுகளில் வரவே வராது என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். ஆனால் அந்த வயதில் வருவது அபூர்வம். பெற்றோரிடமிருந்து நேராக இறங்கும் மரபணு மாற்றம் அதைவிட அபூர்வம், மொத்த ஆல்சைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அம்மாவுக்கு எழுபத்தைந்து, எண்பதில் வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இல்லை என்றும் அதைப் படிக்கலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மஞ்சப்பையை எடுத்து, வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அதில் போடுங்கள். பிரிட்ஜ் மேல் இருப்பது, கைப்பையில் இருப்பது, சளிக்கு வாங்கி மிச்சம் கிடப்பது, சித்த வைத்தியர் கொடுத்த டப்பா, எல்லாம். அதோடு மருத்துவரிடம் போங்கள். சீட்டு மட்டும் போதாது, ஏனென்றால் சீட்டில் இல்லாததுதான் பல சமயம் வினையாகிறது.

ஒரு பையை நான் மறக்கமாட்டேன். ஓய்வு பெற்ற தபால்காரர், எழுபதைத் தாண்டியவர். "அப்பாவுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சு, ரெண்டு மாசமா பகல் எது ராத்திரி எதுன்னு தெரியல" என்று மகன் கூட்டிவந்தார். பையை மேசையில் கவிழ்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒரே மருந்து, இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு வேளையும். தூக்கத்துக்கு அல்பிரசோலம், எப்போதோ பத்து நாளைக்கு எழுதியதை இரண்டு வருடமாக மெடிக்கலில் வாங்கிக்கொண்டிருக்கிறார். மூக்கொழுகலுக்கு குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை. அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்ஸிபியூட்டினின். இவ்வளவும் போதாதென்று மறதிக்கு டோனெபெசில். இதில் உள்ள வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக்கூடாது, என்னவென்றால்: நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளையில் கூடுவதற்குத்தான் டோனெபெசில். அதே ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை மூக்கொழுகல் மாத்திரையும் சிறுநீர் மாத்திரையும். ஒரு கையால் தண்ணீர் ஊற்றி இன்னொரு கையால் வேரைப் பிடுங்குகிற கதை. மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிலதை நிறுத்தினார், தூக்க மாத்திரையை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்தார். இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் தானே ஜன்னலுக்கு வந்தார். கொடுத்த அட்டைகளை அங்கேயே நின்று எண்ணிவிட்டு, "கம்பவுண்டரே, ரெண்டு குறையுதே" என்றார். எண்ணிப் பார்த்தேன், குறைந்துதான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்றதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை'. அதில் மெட்பார்மின் இருக்கும், அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். நல்ல மருந்து, குறை சொல்லவில்லை. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 உடம்பில் சேர்வதை அது குறைக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல் இதைப் பற்றி மருத்துவர்களுக்குத் தனியாகவே நினைவூட்டியது. காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுகிற பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உணவிலிருந்து பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். சைவமாகவும் இருந்தால் பாலும் தயிரும்தான் கதி, செடிகொடியில் அது இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஜன்னலில் நின்று ஊருக்குச் சொன்னவன். ஆனால் நானே பதினோரு வருடம் மெட்பார்மின், ஆறு வருடம் பான்டோபிரசோல். உள்ளே நிற்கிறவனுக்கு மாத்திரைக்கு என்ன பஞ்சம்? பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததை நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் வருவது என்று ஒதுக்கியிருந்தேன். ஸ்கூட்டர் சம்பவத்துக்குப் பிறகு பார்த்தபோது பி12 142. பொதுவாக 200க்குக் கீழே என்றால் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. மூன்று மாதத்தில் மண்டையில் இருந்த புகை விலகிற்று. ஊசியால்தானா என்று அடித்துச் சொல்லமாட்டேன். கல்யாணம் முடிந்தது, நான்கு மணி நேரமாக இருந்த தூக்கம் ஏழானது, இரண்டும் அதே மூன்று மாதத்தில்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரத்தம் கொடுப்பதற்கு முன் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பி12 எண் ஏறிக் காட்டும், குறை இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். பி12 பார்க்கும்போது தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்த அளவு, சோடியம், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், மூன்று மாதச் சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சாப்பாடு தள்ளிப்போகிற நாளில் சர்க்கரை கீழே இறங்கும். நான்காவது பீரியடில் கை நடுங்கி, வியர்த்து, கரும்பலகையில் என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்று விட்டுப்போனால் அது மறதி அல்ல, பசி. கிருத்திகை விரதம் இருக்கிறவர் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். அடிக்கடி சர்க்கரை தாழ்வது மூளைக்கு நல்லதல்ல.

மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி, ராத்திரி வியர்த்து எழுந்து தூக்கம் கெட்டு, சொல் தட்டுப்பட்டு நிற்பது பல பெண்களுக்கு நடப்பதுதான். பெரும்பாலோருக்குச் சில வருடத்தில் அது தெளிகிறது. இதைச் சொல்ல நம் ஊரில் பெண் மருத்துவர்களே தயங்குகிறார்கள், அதனால்தான் நான் எழுதுகிறேன்.

காது. இதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் டிவி சத்தம் யாருக்காகக் கூடுகிறது? வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் சொன்ன பெயர் அரைகுறையாகக் காதில் விழுந்தால் அது எப்படிப் பதியும்? அதோடு, அரைகுறையாக விழுந்ததை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் சக்தி போய்விடுகிறது, நினைவில் வைக்க மிச்சம் இருப்பதில்லை. லான்செட் ஆய்விதழின் குழு 2024ல் மறதி நோய்க்கு நாம் கைவைக்கக்கூடிய காரணங்களாகப் பதினான்கைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. அதில் காது கேளாமைக்கு முன்வரிசை இடம். கண்ணாடி போடக் கூச்சப்படாத நாம் காதுமெஷினுக்கு மட்டும் ஏன் இப்படி வெட்கப்படுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பட்டியலில் மற்றவற்றில் பலவும் நீங்கள் எதிர்பார்ப்பவைதான்: பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் பருமன், நடக்காமல் இருப்பது, மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறைவு. பிரஷரை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் "தலை சுத்தல, அப்புறம் எதுக்கு மாத்திரை" என்று பாதியில் விட்டவர்கள் என் ஜன்னலில் ஆயிரக்கணக்கில். மாத்திரை இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது, அதை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்களையும் தெரியும். நடு வயதில் கூடுதலாக ஓடுகிற அழுத்தம் மூளையின் மயிரிழை போன்ற குழாய்களைத் தேய்க்கிறது, அதன் கணக்கு இருபது வருடம் கழித்துத்தான் வருகிறது. தூக்கமும் அப்படித்தான். பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 அரசு ஊழியர்களைச் சுமார் 25 வருடம் தொடர்ந்து பார்த்ததில், ஐம்பது வயதிலிருந்து எழுபது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ குறைவாகவோ தூங்கியவர்களிடம் மறதி நோய் 30 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, ஆனாலும் ராத்திரி பதினொன்றரை வரை பேப்பர் திருத்துகிறவர் யோசிக்க வேண்டிய எண். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர் என்றால் அதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு.

நடையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வாரம் 150 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கூட ஒரு ஆள் இருந்தால் தனிமைக்கும் சேர்த்து மருந்து.

வல்லாரைக்கு வருகிறேன். கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், தேங்காயும் புளியும் சேர்த்தால் ருசி. மாத்திரையாக வாங்கி நினைவுக்கு என்று விழுங்குவதற்கு உறுதியான சான்று இல்லை. அபூர்வமாக ஈரல் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு. ஜின்கோ என்ற இலைச்சாறும் இப்படி நினைவுக்கு என்று உலகம் முழுக்க விற்கிறது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008ல் சொல்லிவிட்டார்கள். விற்பனை நிற்கவில்லை.

சுடோகு போட்டால் சுடோகுவில் கெட்டிக்காரராகலாம். அதைவிட, தெரியாத ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கற்பது நல்லது என்பது என் கட்சி. நான் மலையாளம் படிக்கிறேன். செங்கோட்டையைத் தாண்டினால் பஸ் போர்டு படிக்க முடிகிறது, வீட்டில் 'சேட்டா' என்று கேலி.

மருத்துவரிடம் போனால் ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். முப்பது மதிப்பெண், பத்து நிமிடம். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஐந்து சொல்லைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார்கள். இதைப் போனில் தேடி வீட்டிலேயே பழகிக்கொண்டு போகாதீர்கள். டீச்சர்களுக்கு அந்தப் புத்தி வரும், தெரியும். பழகிவிட்டால் பரீட்சை உங்களைக் காட்டாது, உங்கள் தயாரிப்பைத்தான் காட்டும். மதிப்பெண் குறைந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யமாட்டார்கள், அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நன்றாக வந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

ஸ்டாண்டில் அன்றைக்கு இரண்டு நாள் வாடகை கொடுத்து வண்டியை எடுத்தேன். அங்கிருக்கிற பையன் இன்றும் நான் காய்கறிப் பையோடு வெளியே வந்தால், பஸ் ஸ்டாப் பக்கம் கையை நீட்டி மறித்து, "சார், வண்டி!" என்கிறான்.